உடலை அளக்கும் ஊர்

2025 மார்ச் இறுதியில் கேரளத் தலைமைச் செயலர் சாரதா முரளீதரன் முகநூலில் ஒரு குறிப்பு எழுதினார். அந்தப் பதவியில் அவருக்கு முன்பிருந்தவர் அவருடைய கணவர் வி. வேணு. கணவரின் காலம் எவ்வளவு வெளுப்போ, இவர் காலம் அவ்வளவு கறுப்பு என்று யாரோ ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். அதைச் சொல்ல வந்தவர் நான்கு வயதில் தம் தாயிடம் கேட்ட ஒன்றையும் சேர்த்து எழுதினார். தன்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து, வெள்ளையாக, அழகாக வெளியே கொண்டுவர முடியுமா என்று அந்தச் சிறுமி கேட்டிருக்கிறாள். ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தன் நிறம் போதாத நிறம் என்ற நினைப்போடு வாழ்ந்தவரை மாற்றியவர்கள் அவர் பெற்ற பிள்ளைகள். அவர்கள் கண்ணுக்குக் கறுப்பு அழகாகத் தெரிந்தது.

அவர் பணிபுரிந்த தலைமைச் செயலகம் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து எம்.ஜி. சாலையில் வடக்கே நடந்து போகிற தூரம்தான். ஒரு மாநிலத்தின் நிர்வாகத்தையே நடத்தியவருக்குப் படிப்போ பதவியோ தராத நிம்மதியை வீட்டுப் பிள்ளைகளின் பார்வை தந்தது என்பது யோசிக்க வைக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு அந்தக் கேள்வியை யார் கற்றுக்கொடுத்தார்கள்? அதைக் கேட்காத குழந்தையை வளர்ப்பது எப்படி? இந்த இரண்டு கேள்விகளையும் கிழக்கேகோட்டையையும் அதைச் சுற்றிய கேரளத்தையும் வைத்து இக்கட்டுரை பார்க்கிறது. ‘உன்னை நீ நேசி’ என்று பிள்ளைக்குப் போதிப்பதில் கொஞ்சம்தான் பயன் உண்டு. பிள்ளையின் உடலை அளந்து மார்க் போடுகிற இடங்களைத் திருத்துவதில்தான் பெரும்பயன் இருக்கிறது என்பது என் வாதம்.

எந்த வயதில் தொடங்குகிறது?

தோற்றக் கவலை வயதுக்கு வந்த பிறகுதான் வரும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆய்வுகள் வேறுவிதமாகச் சொல்கின்றன. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டினால் பருமனான உருவத்தைக் கெட்ட பிள்ளை என்றும் மெலிந்த உருவத்தை நல்ல பிள்ளை என்றும் சொல்வது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. நிறத்துக்கும் இதே கதைதான். அமெரிக்க உளவியலாளர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் 1940களில் கறுப்பினப் பிள்ளைகள் முன்னால் வெள்ளைப் பொம்மைகளையும் பழுப்புப் பொம்மைகளையும் வைத்தார்கள். மூன்று முதல் ஏழு வயதுக்குள் இருந்த அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை ‘நல்லது’ என்று எடுத்தார்கள். பள்ளிகளில் இனப் பாகுபாடு செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இத்தகைய ஆய்வுகளும் அதன் அடிக்குறிப்பில் இடம்பெற்றன.

கண்ணாடி பார்க்கப் பழகும் முன்பே பிள்ளை பிறர் முகத்தைப் பார்க்கப் பழகிவிடுகிறது. தன்னைப் பார்த்ததும் எந்த முகம் மலர்கிறது, எது சுருங்குகிறது, அக்காவைத் தூக்கியவர் தன்னை ஏன் தூக்கவில்லை என்பதெல்லாம் கணக்கில் ஏறிவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்குமுன் இந்தக் கணக்கு முடிந்திருக்கும்.

அரண்மனை ஆணைகள்

உடலைப் பார்த்து ஆளை எடைபோடும் வழக்கம் இங்கே விளம்பரத்தோடு வந்ததில்லை. கிழக்கேகோட்டை திருவிதாங்கூர் அரசின் கோட்டைவாசல். யார் தோளை மூடலாம், யார் எந்த நகை அணியலாம் என்பதையெல்லாம் அந்த அரசு ஆணை போட்டுத் தீர்மானித்தது. தென் திருவிதாங்கூரின் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் அடியும் அவமானமும் பட்டார்கள். 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனம் அந்த உரிமையைத் தந்தது. உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வாலையும் சேர்த்தே தந்தது. புலையப் பெண்கள் கழுத்தில் கல்மாலைதான் போட வேண்டும் என்ற கட்டாயத்தை அவர்கள் அய்யன்காளியின் தலைமையில் 1915இல் உதறினார்கள். கொல்லத்தில் கூடிய கூட்டத்தில் மாலைகளைக் கழற்றி எறிந்தார்கள்.

இந்த வரலாறு இங்கே எதற்கு என்று கேட்கலாம். தன் உடலைப் பற்றிக் கூசிய பெண்களை அன்று யாரும் தனித்தனியாக உட்காரவைத்துத் தைரியம் சொல்லவில்லை. கூச வைத்த விதி உடைந்தது. கூச்சமும் குறையத் தொடங்கியது. இன்று ஆணை போட அரசர் இல்லை. கல்யாணச் சந்தை, நடன மேடை, துணிக்கடை, கைபேசி ஆகியவை அந்த வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

மேடை யாருக்கு?

2024 மார்ச்சில் நடனக் கலைஞர் கலாமண்டலம் சத்தியபாமா ஒரு நேர்காணலில் சொன்னவை கேரளத்தைக் கலக்கின. மோகினியாட்டம் ஆடுபவர் மோகினி போல் இருக்க வேண்டும், கறுத்தவர் ஆடினால் காணச் சகிக்காது என்ற பொருளில் அவர் பேசினார். நடனக் கலைஞர் ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணனைக் குறிவைத்தே அந்தப் பேச்சு என்று எல்லோருக்கும் புரிந்தது. மறைந்த நடிகர் கலாபவன் மணியின் தம்பி அவர். மோகினியாட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கேரள கலாமண்டலம் அந்தப் பேச்சிலிருந்து விலகி நின்றது. 2025 ஜனவரியில் அதே கலாமண்டலத்தில் ராமகிருஷ்ணன் பரதநாட்டிய உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே நடன ஆசிரியராக நியமிக்கப்பட்ட முதல் ஆண் அவர் என்று செய்திகள் கூறின.

அந்தச் சர்ச்சையில் பிள்ளைகளைத் தொடும் பகுதி ஒன்று இருந்தது. கறுத்த பிள்ளைகள் வந்தால் கற்றுக்கொடுப்பேன், போட்டிக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், அங்கே அழகுக்கும் மதிப்பெண் உண்டு என்று சத்தியபாமா செய்தியாளர்களிடம் விளக்கினார். அவர்மேல் கோபப்படுவது எளிது. அவர் சொன்னதில் பாதி ஊர் நடப்பு என்பதை ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம். நடன வகுப்புக்கு மகளை அனுப்புகிற எந்த அம்மாவுக்கும் ஒப்பனை அறை தெரியும். முகத்தில் பூசும் பேன்கேக் பிள்ளையின் கைநிறத்தைவிட நன்றாக வெளுத்திருக்கும். கழுத்திலும் முழங்கை வரையும் இழுத்துப் பூசி ஒப்பேற்றுவார்கள். வியர்வை வழிந்து காதோரம் சொந்த நிறம் எட்டிப் பார்த்தால் பஞ்சோடு ஒருவர் ஓடி வருவார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த நாற்காலியில் கிடைக்கும் பாடம் அடவுகளைவிட நன்றாக மனத்தில் பதியும்.

63ஆவது கேரளப் பள்ளிக் கலைவிழா 2025 ஜனவரி 4 முதல் 8 வரை திருவனந்தபுரத்தில் நடந்தது. இருபத்தைந்து மேடைகள், சாப்பாட்டுப் பந்தல் கிழக்கேகோட்டையை ஒட்டிய புத்தரிக்கண்டம் மைதானத்தில். மாநிலத்தின் எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இவ்வளவு பெரிய பிள்ளைக் கூட்டத்தைக் கூட்டத் தெரிந்த கல்வித் துறையால் நடுவர் கையில் ஒரு வரியைக் கொடுக்கவும் முடியும்: நிறத்துக்கும் உடல்வாகுக்கும் மதிப்பெண் கிடையாது. இதைக் குறிப்பேட்டில் அச்சிட்டு, நடுவர்களிடம் கையெழுத்து வாங்கினால் ஒப்பனை அறை தானாக இறங்கிவரும்.

சாலைத் தெருவில் ஒரு குசலம்

கிழக்கேகோட்டையிலிருந்து கிழக்கே நீளும் சாலைக் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் தோளுரசிக் கிடக்கின்றன. எழுத்தாளர் ஆ. மாதவன் அங்கேயே கடை வைத்திருந்து, அந்தத் தெருவைக் கதைகளாக்கினார். இரண்டு மொழியிலும் குசலம் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. “மோளே, தடிச்சு போயல்லோ” என்பார் கடைக்காரச் சேச்சி. “ஏட்டி, வெயில்ல அலைஞ்சு இப்படிக் கறுத்துட்டியே” என்பார் கூட வந்த ஆச்சி. இரண்டு பேருக்கும் பிள்ளைமேல் பிரியம்தான். மே மாதக் கடைசியில், பள்ளி திறக்கும் முன், சீருடைக்கு அளவெடுக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் நடக்கும். தையல்காரர் டேப்பைச் சுற்றி இடுப்பளவைச் சத்தமாகச் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் குறித்துக்கொள்வார். அம்மா, “போன வருஷம் இவ்வளவு இல்லையே” என்பாள். கூட்டத்தில் நிற்கும் பத்து வயதுப் பையன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வான்.

அமெரிக்க மானிடவியலாளர் மிமி நிக்டர் 1990களில் பதின்வயதுப் பெண்களிடையே இத்தகைய பேச்சை ஆராய்ந்தார். உடலைக் குறைசொல்வது அங்கே நட்பைக் காட்டும் சடங்காகவே இருந்தது. குடும்பத்தாரின் கேலி மனச்சோர்வோடும் முறையற்ற உணவுப் பழக்கத்தோடும் சேர்ந்து வருவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. பாராட்டும் இதில் தப்பவில்லை. ‘மெலிஞ்சு அழகாயிட்டே’ என்ற பாராட்டைக் கேட்கிறவர் நாளெல்லாம் தன் உடலைக் கண்காணிக்கத் தொடங்குகிறார். அடுத்த முறை அந்தப் பாராட்டு கிடைக்காவிட்டால் என்ன ஆயிற்றோ என்ற பயம் வருகிறது.

ஒரு முரணையும் கவனிக்க வேண்டும். பெண் ஊழியரின் உடலமைப்பைப் பற்றிப் பேசுவது பாலியல் தொல்லையின் கீழ் வரலாம் என்று கூறி, அப்படிப் பேசியவர் மீதான வழக்கை ரத்துசெய்ய கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுத்தது. அலுவலகத்தில் வளர்ந்த பெண்ணிடம் வாய்திறக்கத் தயங்குகிற அதே ஆள், வீட்டு விசேஷத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் தாராளமாகப் பேசுகிறார். அவள் பெரியவளாகிவிட்டால் பேச்சு இன்னும் கூடும். மற்றவர்களுக்கு முன்பே பருவமடையும் சிறுமிகள் இந்தப் பார்வையால் கூடுதலாகச் சங்கடப்படுகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி.

குப்பியில் அடைத்த வெளுப்பு

பேச்சு விதைத்ததைச் சந்தை அறுக்கிறது. ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகு க்ரீம் 1975இல் வந்தது. 2020இல் பெயர் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதைத் தயாரிக்கும் நிறுவனக் குடும்பம்தான் டவ் சோப்பின் பெயரில் பிள்ளைகளுக்கான சுயமதிப்புத் திட்டத்தையும் 2004இலிருந்து நடத்துகிறது. அந்தத் திட்டத்தின் வகுப்பறைப் பாடங்கள் சோதித்துப் பார்க்கப்பட்ட நல்ல பாடங்கள்தான். ஆனாலும் ஒரு கையால் தேளைவிட்டு மறு கையால் மந்திரிப்பது நமக்குப் புதிதில்லை.

பெயரில்லாத குப்பிகளின் கதை இன்னும் மோசம். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த, மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்னும் சிறுநீரக நோய் உள்ள 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். பாதரசம்தான் குற்றவாளி. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட்டது. சில லிப்ஸ்டிக், முகப்பூச்சு மாதிரிகளில் அனுமதித்த அளவைப்போல் 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்தது. நிறத்தைப் பற்றிய வார்த்தை இறுதியில் சிறுநீரகம் வரை போய்ச் சேர்கிறது.

எடை என்னும் சிக்கல்

நிறத்தில் வழக்கு எளிது, கறுப்பு நோயில்லை. எடையில் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளப் பெண்களில் 38 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு உண்டு. ‘குண்டாக இருந்தால் என்ன, ஏற்றுக்கொள்’ என்று பிள்ளையிடம் சொல்லலாமா என்று மருத்துவர்கள் கேட்பது நியாயம்.

பதில் கலிபோர்னியாவிலிருந்து வருகிறது. அங்கே 79 பள்ளிகளில் சுமார் 28,000 மாணவர்களை வைத்து, பள்ளியில் எடைபார்த்து வீட்டுக்கு அறிக்கை அனுப்பினால் பயன் உண்டா என்று சோதித்தார்கள். முடிவுகள் 2021இல் வெளியாயின. பிள்ளைகளின் எடை குறையவில்லை. தங்கள் உடல்மீது திருப்தியின்மைதான் சற்றுக் கூடியது. வெட்கத்தைத் தூண்டினால் பிள்ளை ஓடியாடும் என்பது பெரியவர்களின் கற்பனை. வெட்கப்படும் பிள்ளை விளையாட்டு மைதானத்துக்குப் போகாமல் ஒளிகிறது, ஒளிந்து தின்கிறது.

மறுமுனையும் உண்டு. எடை கூடிவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் உணவைத் தவிர்த்துவந்த பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் 2025 மார்ச்சில் வடகேரளத்தில் இறந்தார். அனரெக்ஸியா என்னும் உணவு மறுப்பு நோய் என்று மருத்துவர்கள் கூறினார்கள். மேல்நாட்டு நோய் என்று நாம் ஒதுக்கிவைத்திருந்தது வீட்டுச் சமையலறைக்குள் வந்துவிட்டது. பள்ளியில் எடைபார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. வரிசையில் நிறுத்தி எண்ணை உரக்கச் சொல்வதை நிறுத்தலாம். திரைக்குப் பின்னால் பார்த்து, தேவையிருந்தால் பெற்றோரிடம் மட்டும் பேசலாம்.

பிளவுபட்ட உதட்டோடு பிறக்கும் குழந்தைகள் விஷயத்திலும் இதே தெளிவு வேண்டும். திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் டாக்டர் எச்.எஸ். அடன்வாலா ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அந்தக் குறையைச் சரிசெய்தார். ஏற்பு என்ற பெயரில் அறுவையை மறுப்பது கொடுமை. அறுவை முடியும்வரை குழந்தையைப் பந்தியில் உட்காரவைக்காமல் ஒளிப்பதும் கொடுமை.

கையிலிருக்கும் திரை

பசிபிக் தீவு நாடான ஃபிஜியின் ஒரு பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. உண்டதை வேண்டுமென்றே வாந்தியெடுத்து மெலியப் பார்க்கும் பழக்கம் அப்போது அங்கே பள்ளி மாணவிகளிடம் இல்லை. மூன்றே ஆண்டில் 11.3 சதவீதம் பேர் அதைச் செய்வதாகச் சொன்னார்கள். ஆன் பெக்கரின் இந்த ஆய்வு வந்த காலத்தில் கைபேசியில் முகத்தை வெளுக்கும் ஃபில்டர் கிடையாது. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்தும் பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டுகிறது என்று சொன்னதை ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வே கண்டிருந்தது. 2021இல் அந்த ஆவணங்கள் வெளியே கசிந்தன.

திருத்திய விளம்பரப் படத்தில் ‘திருத்தப்பட்டது’ என்று எழுத வேண்டும் என இஸ்ரேல், பிரான்ஸ், நார்வே சட்டமியற்றின. அந்தக் குறிப்பால் பார்ப்பவரின் மனக்குறை குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பொய் என்று தெரிந்தாலும் ஆசை விடுவதில்லை.

பையன்களை இந்தப் பேச்சில் மறந்துவிடுகிறோம். மீசை அரும்பாதவன், உயரம் வராதவன், மார்பு சதைபோட்டவன் ஆகியோருக்கு வகுப்பில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. அவர்கள் அழுவதில்லை என்பதால் நாம் கேட்பதில்லை. மாநிலத்தில் ஜிம்களைச் சோதனையிட்ட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஸ்டீராய்டு மருந்துகளைப் பிடித்ததை வைத்துத்தான் அந்த மௌனத்தின் விலை தெரிகிறது.

எது பலிக்கிறது?

சோதித்துப் பார்த்த வழிகளில் மூன்று நிற்கின்றன. முதலாவது, பிள்ளைகளையே வாதாட விடுவது. எரிக் ஸ்டைஸ், கரோலின் பெக்கர் போன்றோர் வளர்த்த ‘பாடி ப்ராஜெக்ட்’ முறையில் ஆசிரியர் உபதேசம் செய்வதில்லை. இந்த அழகு இலக்கணத்தால் யாருக்கு லாபம், நமக்கு என்ன நஷ்டம் என்று மாணவிகளே எழுதுவார்கள், நடித்துக் காட்டுவார்கள், ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்வார்கள். தன் வாயால் சொன்னதை மனம் எளிதில் கைவிடுவதில்லை. பலன் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் பதிவாகியிருக்கிறது. பட்டிமன்றம் வளர்த்த நமக்கு இது சுலபமாகக் கைவரும்.

இரண்டாவது, உடல் எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து உடலால் என்ன முடிகிறது என்பதற்குக் கவனத்தைத் திருப்புவது. நெதர்லாந்தில் ஜெசிக்கா அலெவாவின் ஆய்வில், தங்கள் உடல் செய்யும் வேலைகளைப் பெண்களை எழுதவைத்தே அவர்களின் மனநிறைவைக் கூட்ட முடிந்தது. கேரளத்தில் இதற்கு ஓர் உள்ளூர் உதாரணம் உண்டு. எர்ணாகுளம் மாவட்டம் வளையஞ்சிரங்கரா அரசுத் தொடக்கப் பள்ளி 2018இல் ஆண் பெண் இருபாலருக்கும் முக்கால் கால்சட்டையும் சட்டையும் சீருடையாக்கியது. பாவாடையை இழுத்துவிட்டுக்கொள்ளும் வேலை போனதும் சிறுமிகளின் கை பந்துக்குக் காலியாயிற்று.

மூன்றாவது, படங்களை மாற்றுவது. 2024இல் கேரள மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் வந்து பரவலாகப் பேசப்பட்டது. ஒரு படம் வீட்டு வேலையைப் பற்றிப் பேச வைக்குமானால், கறுத்த பெண் கதாநாயகியாகவும் பருமனான பையன் கெட்டிக்காரனாகவும் வரும் படங்களும் பேச வைக்கும். பருமனானவன் கோமாளி, மெலிந்தவள் அழகி என்ற தமிழ் சினிமாவின் பங்கீட்டைப் பாடநூலாவது உடைக்க வேண்டும்.

பொறுப்பு யாருக்கு?

இந்த மூன்றும் வகுப்பறைக்கு வெளியே ஆதரவில்லாமல் நிற்காது. வாரம் ஒரு மணி நேரம் தன்னேற்புப் பாடம் படித்த பிள்ளை, மீதி நேரமெல்லாம் சித்தியின் வாயிலும் கடைக்காரரின் கண்ணிலும் ஒப்பனைக்காரரின் தூரிகையிலும்தானே வாழ்கிறது? ஆகவே வரிசை தலைகீழாக வேண்டும். முதலில் பெற்றோர் தங்கள் உடலைப் பிள்ளை முன்னால் திட்டுவதை விட வேண்டும். ‘நான் சோறு சாப்பிட்டா வீங்கிடுவேன்’ என்ற அம்மாவின் புலம்பலைக் காதில் வாங்கும் மகள் தன் தட்டையும் பார்க்கிறாள். உறவினர் பிள்ளையின் நிறத்தையோ எடையையோ எடுத்தால், பிள்ளையின் காதில் விழும்படி, “அந்தப் பேச்சு வேண்டாம் அத்தை, அவ நீச்சல்ல ரெண்டாவது வந்ததைக் கேளுங்க” என்று திருப்பலாம். மரியாதையும் கெடாது, பிள்ளைக்குத் தன் பக்கம் ஆள் இருப்பதும் தெரியும்.

அடுத்தது பள்ளி. கேரளப் பள்ளிகள் பலவற்றில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் பிள்ளை, குழுப்படத்தில் நிற்காத பிள்ளை, விளையாட்டு வகுப்பில் தினமும் வயிற்றுவலி சொல்லும் பிள்ளை ஆகிய மூவரையும் அவர்களிடம் அனுப்ப ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோருக்கு ‘திஷா’ 1056, டெலி மனஸ் 14416 ஆகிய தொலைபேசி உதவி எண்கள் உண்டு. மூன்றாவது மேடையும் சந்தையும். அங்கே அறிவுரை எடுபடாது. நடுவர் குறிப்பேடும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளரும்தான் பேச வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும்பணம் தேவையில்லை. பள்ளியில் எடைபார்க்கும் இடத்தில் ஒரு திரைச்சீலை, நடுவர் தாளில் ஒரு வரி, சாலைக் கடைகளில் மூன்று மாதத்துக்கொரு சோதனை, வீட்டில் பெரியவர்களின் நாவடக்கம். பிள்ளைகளின் மனத்தைத் திடப்படுத்துகிறோம் என்று நாம் போடும் திட்டங்களில் பெரியவர்களுக்கென்று ஒரு வேலையும் இல்லாவிட்டால், அந்தத் திட்டம் குற்றத்தைப் பிள்ளையின் தலையில் கட்டுகிறது என்றுதான் அர்த்தம்.